கை படாத வாளி

இதை எனக்கு முதலில் சொன்னது பிலோமி மைனிதான். போன வருஷம் குருத்து ஞாயிறு அன்று, பூசை முடிந்து குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வரும்போது சொன்னாள். கோயில் வாசலில் வைத்துச் சொல்கிற விஷயமா அது? சொன்னாள்.

"எமரன்சி, ஒம் மவன் அங்க வீட்டுலயே காய்ச்சுதானாமே?"

"எதை மைனி?" என்றேன். எனக்கு எங்கே தோன்றும்? பால் காய்ச்சுவான், குளிர் நாடு, வெந்நீர் காய்ச்சுவான் என்றுதான் நினைத்தேன்.

"நல்லா கேட்டே போ. எம் மவ மெல்போர்ன்ல இருக்காள்லா, அவ கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுதா. கார் நிறுத்துற எடத்துல வாளி வாளியா வச்சிருக்கானாம். ஒனக்குத்தான் விசா வந்துட்டுல்லா, போயி நீயே பாரு."

கையிலிருந்த ஓலையைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் ஜெனோவா. பொய் சொல்லவில்லை. நீ காப்பியைக் குடி, ஆறிவிடும். நீ மெல்போர்ன் படிக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அதனால்தான் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டேன். இந்தத் தெருவுக்கு நீங்கள் வந்தது பிந்தி. எங்கள் வீட்டுக் கதை உனக்குத் தெரியாது.

காய்ச்சுகிறது என்றால் மற்றவர்களுக்கு ஒரு சொல். எங்கள் வீட்டில் அது வேறு. எனக்கு மூத்தவன் லூசியான் என்று ஒரு அண்ணன் இருந்தான். விசைப்படகில் தொழிலுக்குப் போவான். ஒரு கல்யாண வீட்டில், யாரோ மறைவாகக் காய்ச்சிக் கொண்டு வந்த சாராயத்தைக் குடித்தான். குடிகாரன் இல்லை அம்மா, கல்யாணத்துக்குக் கல்யாணம் குடிப்பான், அவ்வளவுதான். மறுநாள் காலையில் எழுந்து, "ஏட்டி எமரன்சி, இன்னும் விடியலையா?" என்று கேட்டான். வெயில் முற்றம் முழுக்க அடித்துக் கிடக்கிறது. எனக்கு என்ன சொல்லத் தெரியும்? "கொஞ்ச நேரம் ஆகும்ணே" என்றேன். அப்போது எனக்குப் பாவாடை கட்டுகிற வயசு.

அதற்குப் பிறகு அவன் சாகிற வரைக்கும் நான்தான் சோறு பிசைந்து வைத்தேன். கட்டிக்கொண்டு போன வீட்டுக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். இவர், என் வீட்டுக்காரர், ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல மனுஷர். அண்ணன் கடற்கரையில் உட்கார்ந்து காற்றை வைத்தே சொல்வான், இன்றைக்குத் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், மீன் படாது என்று. சரியாக இருக்கும். ஆனால் என் பிள்ளைகள் முகத்தை அவன் பார்த்ததில்லை. ரொமால்ட் பிறந்தபோது முகத்தைத் தடவிப் பார்த்து, "மூக்கு நம்ம அப்பா மூக்குல்லா" என்றான்.

அதனால் எங்கள் வீட்டில் எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ரசம் போடுகிற வீடுகள் இருக்கின்றன, நல்ல குடும்பங்கள்தான். எங்கள் வீட்டில் அதுவும் கிடையாது. இப்படி வளர்த்த பிள்ளை காய்ச்சுகிறான் என்றால்?

நான் அங்கே போவதற்கு முன்னால் ரொமால்ட் போனில் கேட்டான், "எம்மா, உடன்குடிக் கருப்பட்டி நல்லதா பாத்து நெறைய எடுத்துட்டு வாங்க" என்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை கருப்பட்டிக் காப்பிக்கு ஏங்கிப் போயிருக்கிறான், மைனி சொன்னதெல்லாம் சும்மா என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊர் ஏர்போர்ட்டில் ஒரு பெண் ஒவ்வொரு கட்டியாக எடுத்து மோந்து பார்த்தாள். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே நின்றேன். விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் ரொமால்ட் கருப்பட்டியை எடுத்து முகர்ந்தான். "ஏ, சூப்பர்மா" என்றான். அப்படியே எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டான். அடுப்படிக்கு ஒரு கட்டி வரவில்லை.

நானும் பின்னாலேயே போனேன். மைனி சொன்னது சரிதான். வாளி. மூடி போட்ட பெரிய வெள்ளை வாளி, மூடியில் ஒரு சின்னக் குழாய், அதில் தண்ணீர். உள்ளே எதுவோ இருந்துகொண்டு புளுக், புளுக் என்று மூச்சு விடுகிறது.

"எய்யா, என்னய்யா இது?"

"பீர்மா. நானும் குகனும் சேர்ந்து போடுறோம். இது சாராயம் இல்ல. பார்லியை முளைகட்டிக் காயவச்சு, அதை ஊற வச்சு, ஒரு கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வச்சு, ஆறினதும் ஈஸ்ட்டு போடுறது. புளிக்கத்தான் வைக்கிறோம். நீங்க மாவு புளிக்க வைக்கல? மாமா குடிச்ச விஷம் வேற, இது வேற. இந்த ஊருல இதுக்குத் தடையும் இல்ல."

"எந்த ஊருல இருந்தா என்ன, கண்ணு ஒண்ணுதானய்யா?"

அவன் சிரித்தான். அப்போதெல்லாம் சிரிப்பான்.

குகன் என்பது அவன் கூட்டாளி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்ல பிள்ளை, நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே போகமாட்டான். என்னை அன்ரி, அன்ரி என்பான். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. குளிர் கிட்டங்கியில் இறைச்சிப் பெட்டி அடுக்குகிற வேலை. ரொமால்ட் எஞ்சினியருக்குப் படித்தவன் என்று உனக்குத் தெரியுமே. அங்கே போய்ப் பெட்டி அடுக்குகிறான். சாயங்காலம் வந்தால் விரல் மடங்காது. நான் சுடுதண்ணீரில் கையை வைத்துப் பிடித்து விடுவேன். அந்த வேலையிலிருந்து தப்பிக்கத்தான் இந்த பீர். அங்கே ஒரு பீர் ஆலைக்காரன் வருஷா வருஷம் போட்டி வைப்பானாம். வீட்டில் செய்கிறவர்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எது நன்றாக இருக்கிறதோ அந்த ஆளை ஆலையிலேயே வேலைக்கு எடுத்துக்கொள்வான்.

"வேற யாருக்கும் கருப்பட்டி பீர் தெரியாதும்மா. அடுத்த வருஷம் நான் அந்த ஆலைக்குள்ள நிப்பேன் பாருங்க" என்றான். முகத்தைப் பார்க்க வேண்டுமே. சின்ன வயசில் கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை வாங்கின அன்றைக்கு இருந்த முகம்.

நான் என்ன செய்வேன் சொல்லு. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, ஜெயிக்கட்டும் என்று ஜெபிக்கவும் வாய் வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுத்தம் என்றால் அவன் சுத்தம்தான் சுத்தம். வாளியைக் கழுவுவான், குழாயைக் கழுவுவான், கரண்டியைக் கழுவுவான். பிறகு ஒரு மருந்துத் தண்ணீரை எல்லாவற்றின் மேலும் பீய்ச்சுவான். கையில் பீய்ச்சுவான். கதவுப் பிடியில் பீய்ச்சுவான். ஒருநாள் நான் கிட்டே போனேன், என் மேலும் பீய்ச்சினான்.

"அம்மா மேலயே அடிக்கியால?"

"கிருமிம்மா. கண்ணுக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு உள்ள விழுந்தாப் போதும், மொத்தமும் போச்சு."

கண்ணுக்குத் தெரியாத கிருமி மேல் இவ்வளவு பயபக்தி வைத்திருக்கிறானே, இதில் பாதி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வைத்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. "மாவு கூடக் கை பட்டாத்தானய்யா புளிக்கும்? கரண்டி வச்சுக் கலக்கினா புளிக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

"அன்ரி, அதுக்குக் கை வேணும். இதுக்குக் கை படக்கூடாது" என்றான் குகன். "ரொமால்ட், அம்மாட கையை வாளிக்குள்ள விட்டா பீர் வராது, தோசைதான் வரும்." இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நாட்கள் அவை.

போட்டிக்கென்று கருப்பட்டி போட்டு ஒரு வாளி வைத்தார்கள். வைத்த அன்று, "எம்மா, யாரும் இதைத் தொடக்கூடாது" என்று சொன்னான். நான் தொடவில்லை ஜெனோவா. இதை நீ நம்ப வேண்டும். நான் அந்த வாளியைக் கையால் தொட்டதில்லை.

அவர்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நான் மட்டும். வெளியே ஒரு மனுஷ நடமாட்டம் கிடையாது. நான் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் கராஜில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வேன். அது புளுக் என்கும், நான் அருள் நிறைந்த மரியே என்பேன். அது புளுக் என்கும். துணைக்கு ஒரு ஆள் பதில் ஜெபம் சொல்கிற மாதிரி இருக்கும். இதைக் கேட்டால் நீ சிரிப்பாய்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜெபமாலையில் துக்க மறையுண்மை சொல்லிக்கொண்டிருக்கும்போது அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. இன்னும் விடியலையா என்று கேட்டானே, அந்தக் குரல். இதை எந்தத் தாய் பெற்ற பிள்ளைகள் குடிக்கப் போகிறார்களோ, அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று எழுந்துவிட்டேன். ஈஸ்டர் ராத்திரி பாஸ்கா பூசையில் மந்திரித்த தீர்த்தம் நான் கொண்டு போயிருந்தேன். இருமல் மருந்து பாட்டில் ஒன்றை நன்றாகக் கழுவி, திண்ணையில் கவிழ்த்துக் காயவைத்து, அதில் பிடித்து வைத்தது. அந்த நாட்டில் பயம் வந்தால் எங்கே போவது என்றுதான் கொண்டு போனேன். சேலைத் தலைப்பால் பிடித்து, கை படாமல்தான் அந்த மூடியைத் தூக்கினேன். கருப்பட்டி வாசனை குப்பென்று வந்தது. சிலுவை போட்டு, விரலால் ஒரு நாலு சொட்டுத் தெளித்தேன். "மாதாவே, இதைக் குடிக்கிற ஒருத்தருக்கும் கண்ணுக்கு ஒன்றும் வரக்கூடாது" என்று சொன்னேன். மூடியை இருந்த மாதிரியே வைத்துவிட்டேன். மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அதற்குப் பிறகு தினமும் ஜெபம் முடிந்ததும் ஒரு சொட்டு. பாட்டில் தீரும் மட்டும்.

தொட்டது கிடையாது.

பிறகு பாட்டிலில் அடைத்தார்கள். அடைக்கும்போது குகன் விளக்குப் பிடித்து உள்ளே பார்த்துவிட்டு, "மேல ஒரு வெள்ளை ஆடை மாதிரிக் கிடக்குது மச்சான்" என்றான். பழங்கஞ்சி மேல் படியுமே, அந்த மாதிரி. ரொமால்ட் முகம் கறுத்தது. "கருப்பட்டியா இருக்கும்டா. புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றான். அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டான் என்று வைத்துக்கொள். பாட்டிலை எல்லாம் அலமாரியில் அடுக்கினார்கள். மேல் தட்டில் நான் கொண்டுபோன மாதா படத்தை வைத்தேன்.

ஒரு காலையில் நான் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன். ரொமால்ட் ஒரு பாட்டிலை எடுத்துப் பார்க்கலாம் என்று கராஜுக்குப் போனான். டப் என்று ஒரு சத்தம். வெடி மாதிரி. அதைத் தொடர்ந்து இன்னொன்று, இன்னொன்று. நான் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். தரை எல்லாம் நுரை. கண்ணாடிச் சில். புளித்த வாடை, பதநீர் கெட்டுப்போனால் வருமே, அந்த வாடை. அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். விரல் இடுக்கில் ரத்தம்.

"எய்யா! என்னைப் பாரு! அம்மா தெரியுதேனா, சொல்லு!"

கையை எடுக்கமாட்டேன் என்கிறான். எனக்கு அந்த ஒரு நிமிஷம் லூசியான் அண்ணன்தான் அங்கே உட்கார்ந்திருந்தான். கையைப் பிடித்து இழுத்தேன்.

"தெரியுதும்மா" என்றான்.

புருவத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. கண்ணுக்கு மேலே, ஒரு நெல் அகலம் தள்ளி. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டரம்மா, கொஞ்சம் இறங்கியிருந்தால் கண் போயிருக்கும், யாரோ உனக்காக ஜெபம் பண்ணியிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அவன்தான் எனக்குத் தமிழில் சொன்னான். நான் அந்த இடத்திலேயே முழங்கால் போட்டேன். எந்தக் கண்ணுக்கு என்று கேட்டேனோ, அந்தக் கண்ணை மாதா காத்துக் கொடுத்தாள். அந்தத் தீர்த்தம் மட்டும் விழாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் சிலுவை போட்டுக்கொள்வேன்.

ஆனால் பீர் போச்சு. அத்தனையும். வெடிக்காத பாட்டிலைத் திறந்தாலும் நுரை பொங்கிச் சுவரில் அடித்தது. குகன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான். "கிருமி விழுந்திட்டுது மச்சான். அதுதான் போத்தலுக்குள்ளயும் புளிச்சுப் பொங்கி வெடிச்சிருக்கு" என்றான்.

அப்புறம் ஆரம்பித்தது பார், அந்த விசாரணை. எப்படி விழுந்தது, எங்கே விழுந்தது? குழாயிலா? மூடியிலா? நீ கழுவின பாட்டிலா, நான் கழுவின பாட்டிலா? கருப்பட்டியிலா? மீதியிருந்த கருப்பட்டியை எல்லாம் குப்பையில் போட்டான். உடன்குடிக் கருப்பட்டி! குழாயைக் குப்பையில் போட்டான். ராத்திரி சாப்பிடும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். "நான்தாம்மா எங்கயோ விட்டுட்டேன். ஏங் கைதான் சரியில்ல" என்பான்.

"ஒங் கைக்கு என்னய்யா? நீ கழுவுன கழுவலுக்குப் பாவமே போயிருக்கும்" என்பேன்.

போட்டிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. இன்னொன்று போட்டால் புளித்து முடியாது. கடைசியாக ஒருநாள் குகன் என்னிடம் வந்தான். மெதுவாகத்தான் கேட்டான்.

"அன்ரி, குறை நினையாதேங்கோ. நாங்கள் இல்லாத நேரம் நீங்கள் அந்த வாளியைத் தொட்டனீங்களோ?"

"இல்லய்யா. மாதா மேல சத்தியமா நான் தொடல."

உண்மைதானே. தொடவில்லையே.

ரொமால்ட் உள்ளே இருந்து வந்தான். அவன் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. "எங்கம்மாவையா கேக்குற? எங்கம்மா அந்த வாளியில கை வைக்கவே மாட்டாங்கடா. அந்த வாடையே ஆகாது அவங்களுக்கு. ஒன் கழுவாத பாட்டிலுக்கு எங்கம்மாவா பதில் சொல்லணும்? ஜெபமாலையும் கையுமா இருக்குறவங்களைச் சத்தியம் பண்ண வைக்குறியேடா!"

"நான் சத்தியம் கேட்கேல்லையடா மச்சான். கேள்விதான் கேட்டனான்."

"போயிரு."

குகன் செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு வரவில்லை. வேலை செய்கிற இடத்திலும் வேறு நேரத்துக்கு மாற்றி வாங்கிக்கொண்டானாம். என் மகன் எனக்காக நின்றான் ஜெனோவா. எத்தனை தாய்க்கு இது கிடைக்கும்? ஆனால் குகன் நல்ல பிள்ளை. அவன் பாட்டில் சரியாகக் கழுவாதது ஒரு குற்றமா? மன்னித்துவிடு என்று ரொமால்டிடம் நான் எத்தனை தடவை சொன்னேன். கேட்கவில்லை.

போட்டி நாள் வந்தது, போனது. யாரோ ஒரு ஆள் ஜெயித்தான். ரொமால்ட் அன்றைக்கு லீவு போட்டிருந்தான், முன்னாலேயே கேட்டு வாங்கி வைத்த லீவு. பகல் முழுக்கக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின சாயங்காலம், குளிர்பெட்டியின் அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தான். நான் அந்த ஊருக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அவர்கள் போட்டதில் மிஞ்சின ஒன்று. அது கெடவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றினான். தேன் நிறம். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாக இருந்தது.

"எம்மா, ஒரே ஒரு வாய்."

"எய்யா, என்னய்யா கேக்குற நீ?"

"நீங்க குடிக்க வேண்டாம். நாக்குல வைங்க போதும். நல்லா வந்தா எப்படி இருக்கும்னு நம்ம வீட்டு ஆளு ஒருத்தருக்காவது தெரியட்டும். எனக்கு இது வரும்மா. நெசமாவே வரும். ஏங் கை ஒண்ணும் ராசியில்லாத கை இல்ல."

நான் எப்படிக் குடிப்பேன்? நீயே சொல்லு. சாகிற அன்றைக்கும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைகள் முகம் எப்படிட்டி இருக்கும்?" என்று கேட்டவன். முடியாது என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். பிறகு கழுவுகிற தொட்டியில் ஊற்றிவிட்டான். தண்ணீரைத் திறந்துவிட்டு, நுரை போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

நான் செய்தது சரிதான். பங்குச் சாமியாரிடமும் கேட்டுவிட்டேன், குற்றமில்லை என்றார்.

அதற்குப் பிறகு அவன் எதுவும் போடவில்லை. வாளியை வெளியே வைத்து யாரோ எடுத்துக்கொண்டு போனார்களாம். பெட்டிதான் அடுக்குகிறான். போன் பண்ணினால், "சாப்பிட்டீங்களாம்மா, மாத்திரை போட்டீங்களாம்மா" இவ்வளவுதான். மதுரையில் இருக்கிற என் மூத்த மகளிடமும் பேசுவதில்லையாம். நான் கேட்டதை எல்லாம் மாதா கொடுத்தாள். அதைக் குடித்து ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை, என் பிள்ளைக்குக் கண் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான் மெழுகுதிரி ஏற்றிவிட்டேன். ஆனாலும் ஜெபம் சொல்ல உட்கார்ந்தால் அந்த முதுகு வந்து முன்னால் நிற்கிறது.

காப்பி போதுமா? இன்னும் கொஞ்சம் ஊற்றவா?

நீ அங்கே போனதும் ஒருநாள் அவனைப் போய்ப் பார். நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண், சும்மா வந்தேன் என்று சொல். வாசலில் நின்று பேசிவிட்டு வந்துவிடாதே, உள்ளே போய் உட்கார். அவன் உனக்குக் குடிக்க ஏதாவது கொண்டு வருவான். தண்ணீரோ, காப்பியோ, அந்த மாதிரி ஏதோ ஒன்றோ. என்ன ஏது என்று கேட்காதே அம்மா. ஒரு வாய் குடி. நல்லா இருக்கு என்று சொல்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.